தலைமறைவான புகையான்

"என் வாயைப் பூட்டணும்னா அதுக்குன்னு ஒருத்தன் புதுசா பூட்டு செய்யணும். செஞ்சாலும் சாவி என்கிட்டதான் இருக்கும், ஆமா!"

கொன்றைக்குடி பக்கிரிசாமி இந்த அறிவிப்பை வெளியிட்டது கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை ஏழேகால் மணிக்கு, ரசியா பேகத்தின் டீக்கடை வாசலில், பதினொரு பேர் முன்னிலையில். எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். பிற்பாடு அரசாங்கமே எண்ணி எழுதி வைத்திருக்கிறது. அன்று விடியற்காலையில்தான் அந்த வட்டாரம் முழுக்க செல்போனில் நெட் நின்றுபோயிருந்தது.

ரசியா பேகம் டீயை ஆற்றி அவர் முன்னால் வைத்தார். "பூட்டு செய்யுறப்ப செய்யட்டும்ண்ணே. இப்ப டீ ஆறுது. வாயைத் திறந்து இதை ஊத்துங்க."

"நீ சிரி பேகம். டவரை அவன் நிறுத்தலாம். என்னை எந்த ஸ்விட்சைத் தட்டி நிறுத்துவான்?"

"அந்த ஸ்விட்ச் தெரிஞ்சிருந்தா அண்ணி எப்பவோ தட்டியிருப்பாங்களே" என்றார் பேகம். பதினொரு பேரும் சிரித்தார்கள். பக்கிரிசாமியும் சிரித்தார். அன்றைக்கு அவர் தாராளமாகச் சிரிக்கக்கூடிய நிலையில்தான் இருந்தார்.

பக்கிரிசாமிக்கு வயது ஐம்பத்து நான்கு. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் மூன்று ஏக்கர் சாகுபடி. அதில் ஒன்று சொந்தம், மற்றது கோயில் நிலம், குத்தகை. படிப்பு ஏழாம் வகுப்பு. எழுதத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. செல்போனில் எழுத்துகள் சிறியவை, அவருடைய கட்டைவிரல் பெரியது. ஒன்றை அமுக்கினால் நான்கு விழும். "நடவு" என்று ஒருமுறை எழுதப் போய், பெண்கள் உட்பட நூறு பேர் பார்க்கும் இடத்தில் வேறு ஏதோ விழுந்துவிட்டது. அன்றோடு எழுத்துத் துறையிலிருந்து விலகி, பேச்சுத் துறைக்கு வந்து சேர்ந்தார்.

'கொன்றைக்குடி உழவர் குரல்' என்ற வாட்ஸப் குழுவில் இருநூற்றுப் பதினான்கு பேர். உழவர் அத்தனை பேர் இருந்தாலும் குரல் ஒன்றுதான். தினமும் காலை ஐந்தரைக்கு அந்தக் குரல் வந்துவிடும்: "அனைவருக்கும் பக்கிரியின் வணக்கம்." பிறகு ஆற்றில் எவ்வளவு தண்ணீர், எந்த மதகில் அடைப்பு, யார் வயலில் எலி, கொள்முதல் நிலையத்தில் சாக்கு வந்ததா வரவில்லையா, மழை வருமா, வானிலை நிலையம் சொல்வதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று சராசரியாக நான்கு நிமிடம் போகும். பால் கறப்பவர்கள் போனை மாட்டின் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்பார்கள். சில மாடுகள் அந்தக் குரல் வந்த பிறகுதான் பால் விட்டன என்று சொல்வோர் உண்டு. ஐந்து ஊர்களுக்குச் சேர்த்து ஒரே ஆளாக அலைந்துகொண்டிருந்த வேளாண்மை உதவி அலுவலர்கூட அந்தக் குழுவில் இருந்தார். எந்த ஊர் வயலில் என்ன நோய் என்று மேலிடத்துக்கு அவர் அனுப்பும் அறிக்கை, பக்கிரிசாமியின் நான்கு நிமிடத்தை எழுத்தில் பெயர்த்ததுதான். ஒருநாள் காய்ச்சலில் குரல் வராமல்போய், உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்க நான்கு பேர் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

அவருக்கு ஒரு பழக்கம். பயிரைத் தின்னும் பூச்சிகளை அவர் ஆளாகத்தான் பேசுவார். புகையான் என்று ஒன்று உண்டு. எள்ளளவு பழுப்புப் பூச்சி. நெற்பயிரின் தூரில், அதாவது அடித்தண்டில், தண்ணீருக்கு நாலு விரல் மேலே ஆயிரக்கணக்கில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். ஒரு வாரத்தில் பச்சை வயல் நடுவே வட்ட வட்டமாகத் தீய்ந்து, யாரோ அடுப்புச் சட்டியைக் கொண்டுவந்து வைத்து எடுத்த மாதிரி ஆகிவிடும். ஆனைக்கொம்பன் என்று இன்னொன்று. அது குருத்தையே வெங்காயத் தாள் மாதிரி ஆக்கிவிடும். இவை பக்கிரிசாமியின் வாயில் 'வந்துட்டான்', 'உக்காந்துட்டான்', 'போக்கு காட்டுறான்' என்றுதான் வரும். பெயர் 'ன்' என்று முடிந்தால் ஆண்பால் என்பது அவர் ஏழாம் வகுப்பு வரை கற்ற இலக்கணம். அந்த விதிப்படி சுருட்டுப்பூச்சி மட்டும் கடைசிவரை அஃறிணையாகவே இருந்தது.

இந்த உரைகளை வேதம்போல் கேட்டவர் முருகையன். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பியவர். பாலைவனத்தில் நாற்பதடி வண்டியைப் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்துவார். நாற்றுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கிரிசாமியின் வயலை ஒட்டி இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து, தன் முதல் சம்பாவை நட்டிருந்தார். காலைப் பதிவைச் சேமித்து வைத்துக்கொண்டு, வரப்பில் நின்று திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் வேலை செய்வார். அத்தோடு விடமாட்டார். பக்கிரிசாமி போகிற போக்கில் சொல்வதையெல்லாம் 'பக்கிரி அண்ணன் சொன்னது' என்று தலைப்புக் கொடுத்து மறுபடியும் குழுவில் போடுவார். பக்கிரிசாமி ஒருமுறை, "வயிறு சரியில்லைய்யா" என்று அவரிடம் சொல்ல, அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்த வருடம் ஒரு குழாய் வந்தது. எங்கிருந்தோ எங்கேயோ போகவேண்டிய குழாய், வழியில் கொன்றைக்குடியின் பயிர் நிற்கும் வயல்களுக்குள் புகுந்து போக ஆசைப்பட்டது. கம்பெனிக்காரர்கள் கல் நட்டார்கள். ஊர் கல்லைப் பிடுங்கியது. போலீஸ் வந்தது. ஊர் சாலையில் உட்கார்ந்தது. மூன்றாம் நாள் ஒரு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தது. யார் உடைத்தது என்று இன்றுவரை தெரியவில்லை; உடைந்த நேரத்தில் பஸ் டெப்போவில் இருந்தது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. கண்ணாடி உடைந்ததால் அமைதிக்குப் பங்கம் என்று நெட்டை நிறுத்தினார்கள். எத்தனை நாளைக்கு, ஏன், யாரிடம் முறையிடலாம் என்ற விவரங்கள் பொதுமக்கள் வசதிக்காக இணையதளத்தில் வெளியிடப்பட்டிருந்தன.

ஆறு நாள் நெட் இல்லை. ரேஷன் கடையில் கைரேகை இயந்திரம் பக்கிரிசாமியின் மனைவி பிரகதாம்பாளை யாரென்று தெரியாது என்றது. "இதே விரலைத்தான்யா போன மாசமும் வச்சேன்" என்று அவர் வாதாடிப் பார்த்தார். இயந்திரம் மசியவில்லை. பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி, தன் கடமையில் தவறாமல், வந்து போனது. பக்கிரிசாமி மட்டும் தளரவில்லை. காலை ஐந்தரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய், அதே நான்கு நிமிடத்தை வாயாலேயே ஒலிபரப்பினார். "நெட்டு போனா என்ன? அதுக்கு முந்தியே நான் இருக்கேன்!" என்றார். ஆறு நாளும் அவர் குரலில் ஒரு கல்யாணக் களை இருந்தது.

ஏழாம் நாள் நெட் வந்தது. எட்டாம் நாள் காலை பத்து மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். "ஐயா, இன்ஸ்பெக்டர் உங்களைப் பாக்கணும்னாரு. பயப்பட ஒண்ணுமில்லீங்க, சும்மா விசாரிக்கத்தான்."

பிரகதாம்பாள் வெளியே வந்தார். "என்ன பேசுனீங்க?"

"நான் என்ன பேசுனேன்?"

"அதைத்தானே கேக்குறேன். எதைப் பேசலை, சொல்லுங்க. நான் முப்பது வருஷமா தலைபாடா அடிச்சுக்கிறேன்."

மகள் இசைவாணி கையில் இருந்த சோப்பு நுரையோடு கிணற்றடியிலேயே நின்றாள். நர்சிங் படித்துவிட்டு, மூன்றாவது தடவை எழுதிய பரீட்சையில் அவள் பெயர் அரசு ஆஸ்பத்திரிப் பட்டியலில் வந்திருந்தது. ஆனால் வேலை ஆணை கைக்கு வர ஒன்று பாக்கி. இவள் குடும்பத்தின் மேல் வழக்கு வில்லங்கம் எதுவும் இல்லை என்று காவல் நிலையம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காகிதம் இப்போது எந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது என்பது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். அப்பா செருப்பை மாட்டும்போது மட்டும், "பாத்துப் பேசுங்கப்பா" என்றாள்.

இன்ஸ்பெக்டர் குணசேகரன் மரியாதையான மனிதர். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நெல்லோடு அவருக்கு இருந்த உறவு சாப்பாட்டுத் தட்டோடு சரி. பக்கிரிசாமியை நாற்காலியில் உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தட்டச்சு செய்த ஒரு தாளை எடுத்தார். நெட் நிற்பதற்கு முந்தின நாள் காலை பக்கிரிசாமி பேசிய நான்கு நிமிடமும் அதில் இருந்தது. எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் யாரோ ஒருவர் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, எழுத்துப் பிழை இல்லாமல் அடித்து, சில இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார். பக்கிரிசாமிக்கு முதலில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தான் பேசியதை அவர் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"படிக்கிறேன், கேளுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "'புகையான் கிழக்கால இறங்கிட்டான். தூர்ல ஒளிஞ்சிருக்கான், மேலேர்ந்து பாத்தா தெரிய மாட்டான். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு எல்லாரும் ஒண்ணா அடிக்கணும். ஒருத்தர் அடிச்சு ஒருத்தர் அடிக்காம இருந்தா, இங்க அடிபட்டவன் அங்க போய் உக்காந்துக்குவான். மருந்து நம்ம கொட்டாயில இருக்கு, வந்து வாங்கிக்கங்க.' இது நீங்க பேசுனதுதானே?"

"நான்தான் சார்."

"மறுநாள் எட்டு மணிக்குக் கம்பெனி அதிகாரிங்க அளக்க வர்றதா இருந்தது. தெரியுமா?"

"அவங்க எட்டுக்குன்னா பத்துக்குத்தான் சார் வருவாங்க."

இன்ஸ்பெக்டர் தாளைக் கீழே வைத்தார். "புகையான் யாரு?"

"யாருன்னா?"

"எந்த ஊரு, எத்தனை நாளா பழக்கம்?"

"பழக்கம்னா... எங்க அப்பா காலத்துலேர்ந்து வந்துக்கிட்டுதான் இருக்கான் சார்."

பக்கத்து மேஜையில் இருந்த எழுத்தர் எழுதிக்கொண்டார்: இரண்டு தலைமுறைத் தொடர்பு.

"இப்ப எங்க இருக்கான்?"

"தூர்லதான் சார்."

"தூர் எந்தத் தாலுகா?"

பக்கிரிசாமி இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். கேலி ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் மெல்லப் பிடிபட்டது. பிடிபட்டதும் ஒரு சிரிப்பு வந்தது. இந்த இடத்தில் சிரிக்கலாமா என்று தெரியாமல் அதை டீயோடு சேர்த்து விழுங்கினார். புரை ஏறியது.

"சார், அது பூச்சி சார்."

"பூச்சியை யாராவது 'ஒளிஞ்சிருக்கான்'னு சொல்லுவாங்களா?"

"நான் சொல்லுவேன் சார்."

"'மேலேர்ந்து பாத்தா தெரிய மாட்டான்'. எங்க ட்ரோனைத்தானே சொல்றீங்க?"

"நின்னுக்கிட்டுப் பாத்தா தெரியாது, குனிஞ்சு பாருங்கன்னு அர்த்தம் சார்."

"அப்புறம் 'பட்டம் பிரிச்சு விடுங்க'. இங்க மேலதிகாரி குறிப்பு எழுதியிருக்காரு. பட்டம்னா எதிர் ட்ரோனான்னு."

"எட்டடிக்கு ஒரு அடி பயிரை விலக்கி விடுறது சார். காத்து உள்ள போகும். காத்து போனா அவன் நிக்க மாட்டான்."

"அவன்?"

"அது சார்."

"ஆனைக்கொம்பன்?"

"அதுவும் பூச்சி."

வாசலில் நின்ற போலீஸ்காரர், அழைத்து வந்தவர்தான், தொண்டையைச் செருமினார். "பூச்சிதான் சார். எங்க வயல்லயும் விழும்." அவர் பாபநாசத்துப் பக்கம். இத்தனை நாளாக அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அந்த வேலையில் வழக்கமில்லை. இன்ஸ்பெக்டர் தன் செல்போனை எடுத்துத் தேடினார். நெட் இருந்ததால் உடனே வந்தது. படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தார்.

"தப்பு எங்க பக்கம்தான்" என்றார் கடைசியில். அவர் மரியாதையான மனிதர் என்று முன்பே சொன்னோம். "ஆனா ஒரு சிக்கல் இருக்குங்க. ஃபைல் மேல போயிருச்சு. புகையான், ஆண், வயது சுமார் முப்பத்தைந்து, தலைமறைவு. இப்படி மூணு ஆபீஸ்ல கையெழுத்தாகியிருக்கு. நெட்டை நிறுத்துன உத்தரவை இன்னும் மூணு நாள் நீட்டிச்சதே இதுக்காகத்தான். இப்ப போய் அது பூச்சின்னு நான் எழுதினா, ஒரு பூச்சிக்காகத் தாலுகா முழுக்க நெட்டை நிறுத்தினோமான்னு கேப்பாங்க. யார் பதில் சொல்றது?"

பக்கிரிசாமிக்கும் அந்த நியாயம் புரிந்தது.

"அதனால அவன் தலைமறைவாவே இருக்கட்டும். தலைமறைவா இருக்குற வரைக்கும் ஃபைல் தூங்கும். நாளைக்கே நீங்க 'புகையான் வந்துட்டான்'னு பேசினா, அந்தக் குளிர் ரூம்ல ஒருத்தர் அதைக் கேப்பாரு. வந்துட்டான்னா பிடிக்கணும். பிடிக்கலைன்னா எனக்கு மெமோ. பிடிக்கணும்னா யாரைப் பிடிக்கிறது? அவனுக்கு இடம் கொடுத்தவர்னு உங்க பேருதான் இருக்கு." இன்ஸ்பெக்டர் மேஜையில் இருந்த காகிதங்களை ஒதுக்கி, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே இடத்தில் வைத்தார். "உங்க பொண்ணு இசைவாணிதானே? சந்தோஷம். இதுல நான் எழுதி அனுப்பவேண்டியது ஒரே வரிதான். 'வில்லங்கம் இல்லை.' வில்லங்கம் இல்லாம இருந்தா நாளைக்கே எழுதிருவேன். எதுக்கும் ரெண்டு மாசம் போகட்டும், மேல ஃபைல் ஆறட்டும். அதுவரைக்கும் அந்தப் பேரு உங்க வாயிலேர்ந்து வர வேணாம். போன்ல, நேர்ல, எதுலயும். நீங்க நேர்ல சொல்றதைத்தான் இன்னொருத்தர் போன்ல போட்டுடறாரே."

பயமுறுத்துகிற தொனியே இல்லை. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்வதுபோல் சொன்னார். எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி நபரின் பெயரை இனி எவ்விதத்திலும் உச்சரிக்க மாட்டேன்' என்று இருந்தது. பக்கிரிசாமி கையெழுத்துப் போட்டார். ஏழாம் வகுப்பில் பழகிய கையெழுத்து, அழகாகவே விழுந்தது.

டீக்கடையில் பதினொரு பேரும் காத்திருந்தார்கள். "என்னண்ணே ஆச்சு?" என்று முருகையன்தான் முதலில் ஓடி வந்தார்.

கையெழுத்தைப் பற்றிச் சொல்ல பக்கிரிசாமி வாயைத் திறந்தார். ஆனால் இதே இடத்தில், இதே பெஞ்சில், இதே ஆட்கள். அன்று அவர் விட்ட பூட்டு அறிவிப்பு இன்னும் காற்றில் இருந்தது.

"என்ன ஆகும்? பூச்சிக்கும் மனுசனுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு. அரை மணி நேரம் பாடம் எடுத்துட்டு வந்தேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புனான்" என்றார். அதில் டீ மட்டும் உண்மை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் 'பக்கிரி அண்ணன் இன்ஸ்பெக்டருக்குப் பாடம் எடுத்தது' என்று குழுவில் வந்துவிட்டது. கைதட்டும் படங்கள் எழுபதுக்கு மேல் விழுந்தன.

வீட்டில் மட்டும் உண்மையைச் சொன்னார். பிரகதாம்பாள், "நான் சொல்லி மூடாத வாய்" என்று ஆரம்பித்தார். மகளின் முகத்தைப் பார்த்து, அதை முடிக்காமல் உள்ளே போய்விட்டார். இசைவாணி அப்பாவுக்குச் சோறு போட்டாள். "ரெண்டு மாசம்தானேப்பா" என்றாள். அவள் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவரால் அதட்டியாவது இருக்க முடியும்.

அதன் பின் குரல் இளைக்க ஆரம்பித்தது. ஒரு பெயரைத்தானே சொல்லக்கூடாது என்றுதான் தொடங்கியது. பிறகு மற்ற சொற்களும் அவர் வாயில் சந்தேகத்துக்கு உள்ளாயின. 'அடிக்கணும்' என்று சொல்லலாமா? 'மருந்து'? 'இறக்கணும்'? 'களை எடுக்கணும்' என்று பாதி சொல்லிவிட்டு அழித்தார். 'மடையை உடைச்சு விடு' என்ற வாக்கியத்தை எந்தக் கோணத்தில் பார்த்தாலும் ஏழு வருடம் உள்ளே தள்ளலாம்போல் இருந்தது. நான்கு நிமிடம் இரண்டாகி, ஒன்றாகி, இருபது நொடிக்கு வந்து நின்றது. "வணக்கம். ஆத்துல தண்ணி இருக்கு. வானம் மூட்டமா இருக்கு. நன்றி."

குரல் போன இடத்தில் குழுவுக்குள் ரோஜாப் பூக்கள் வந்தன. இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒருவருக்கொருவர் ரோஜாவோடு காலை வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டது பக்கிரிசாமியைத்தான் என்றாலும், பயம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. ஒருவர் மட்டும் துணிந்து, 'கிழக்கே அவர் வந்திருக்கிறார்' என்று மரியாதைப் பன்மையில் எழுதினார். தாசில்தார்தான் நிவாரணம் கொடுக்க வந்துவிட்டாராக்கும் என்று ஒன்பது பேர் மனுவோடு கிழக்கே ஓடினார்கள். ஒருவர் மாலைகூட வாங்கிவிட்டார். வேளாண்மை உதவி அலுவலரின் அறிக்கையில் 'நோய்த் தாக்குதல் ஏதும் இல்லை' என்று தொடர்ந்து மூன்று வாரம் போனது. அந்த வட்டாரத்திலேயே கொன்றைக்குடிதான் ஆரோக்கியமான கிராமம் என்று மேலிடத்தில் பாராட்டினார்களாம்.

மார்கழி பிறந்து எட்டாம் நாள், பக்கிரிசாமி தன் வயலின் கிழக்கு மூலையில் குனிந்து ஒரு தூரைக் கையால் தட்டினார். தவிடு கொட்டியதுபோல் தண்ணீரில் விழுந்தன. பக்கத்துத் தூர், அதற்கடுத்த தூர், எல்லாவற்றிலும். இருபது வருட அனுபவத்தில் இத்தனை அவர் பார்த்ததில்லை. பழக்கத்தில் கை சட்டைப்பைக்குப் போய், போனை எடுத்து, அந்தப் பொத்தானில் பெரிய கட்டைவிரலை வைத்துவிட்டது.

"அனைவருக்கும் பக்கிரியின் வணக்கம்..."

விரலை எடுத்தார். அழித்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். ஒரு கொக்கு இருந்தது.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், தெளிப்பானைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, தன் மூன்று ஏக்கருக்கு மட்டும் மருந்து அடித்தார். சொந்த வயலுக்குத் திருடன்போல் குனிந்து போய் வந்தார். அவர் மட்டுமில்லை. இன்னும் ஆறேழு பேர் அதே வாரம், வேறு வேறு நேரங்களில், அதேபோல் சாக்கில் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிரே வந்தவர்கள் பார்க்காததுபோல் போனார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அடிபட்ட பூச்சிகள், அடிக்காத வயலைத் தேடிப் போய் உட்கார்ந்தன. அப்படி ஒரு வயல் பக்கிரிசாமியின் வரப்பை ஒட்டியே இருந்தது. இந்தப் பூச்சியைப் பார்த்தாலும் அடையாளம் தெரியாத ஒரே விவசாயியின் இரண்டு ஏக்கர்.

நான்காம் நாள் பதினொரு மணிக்கு வரப்பிலிருந்து முருகையன் கூப்பிட்டார். "அண்ணே! ஒரு நிமிஷம் வாங்கண்ணே!"

பக்கிரிசாமி போனார். வயலின் நடுவே நெல்லுக்கூடை அளவில் ஒரு வட்டம் பழுத்துக் கருகியிருந்தது. தள்ளி இன்னொன்று. மூன்றாவது இப்போதுதான் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கதிர் பால் பிடிக்கும் பருவம். இன்றே அடித்தால் முக்கால்வாசி மிஞ்சும். நாளைக்கு என்றால் பாதி.

"என்னண்ணே இது? நேத்து சின்னதா இருந்துச்சு. இன்னைக்கு ரெண்டாயிருச்சு. உங்க பழைய வாய்ஸெல்லாம் போட்டுக் கேட்டேன். ஒண்ணுல நீங்க சொல்லியிருந்தீங்க, அடுப்புச் சட்டி வச்ச மாதிரின்னு. அவன்தானே இது?"

பக்கிரிசாமி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஆமான்னா, சாயங்காலத்துக்குள்ள மருந்து வாங்கி அடிச்சுருவேன். எனக்கென்ன தெரியும், நீங்க சொன்னா சரி." முருகையன் போனை எடுத்து, அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்து, அவர் வாய்க்கு நேரே நீட்டினார். "ரெண்டு வார்த்தை சொல்லிருங்கண்ணே. ஊருக்கும் உதவும். அந்த இன்ஸ்பெக்டருக்கே பாடம் எடுத்த ஆளு நீங்க."

போனின் திரையில் நொடிகள் ஓடின. ஒன்று, இரண்டு, மூன்று. காலையில் கிளம்பும்போது இசைவாணி வெள்ளைச் சேலை ஒன்றைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் வேலைக்கென்று வாங்கியது. இன்னும் ஐந்து வாரம். ஏழு, எட்டு.

"வெயிலு" என்றார்.

"வெயிலா?"

"வெயிலுதான்."

முருகையன் வானத்தைப் பார்த்தார். குவைத்தில் இருபத்திரண்டு வருடம் வெயிலில் நின்ற மனிதர். தலைக்கு மேலே மார்கழிச் சூரியன் பனிமூட்டத்துக்குப் பின்னால் வெள்ளையாக, நிழல்கூட விழாதபடி நின்றது. அவர் அதைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், அண்ணனையே நம்பினார். விரலை எடுத்தார். பதிவு இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் போனது.

"நல்லவேளை. நான் பயந்தே போயிட்டேண்ணே. அப்ப தண்ணி கட்டிறட்டுமா? வேர் குளிர்ந்தா சரியாப் போகுமில்ல?"

தண்ணீர் கட்டினால் அவை இன்னும் வேகமாகப் பெருகும். இருக்கும் தண்ணீரையும் வடிக்க வேண்டும். இது பக்கிரிசாமிக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் தெரியாது. போன் அணைந்து முருகையனின் சட்டைப்பைக்குள் போய்விட்டது. சுற்றிலும் அரை மைலுக்கு ஆள் இல்லை.

"அண்ணே?"

பக்கிரிசாமி சரி என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார்.

முருகையன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மடையைத் திறக்க நடந்தார்.